பூண்டுப் பரணும் இரும்பு அடுப்பும்

எங்கள் மேல்மலை ஊரில் வீடு கட்டியதே பூண்டுக்காகத்தான். அதன் கீழே மனிதர்கள் ஒண்டிக்கொண்டிருந்தோம். மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் ஐம்பதுகளில் கொடைக்கானலுக்கு மேற்கே எந்த வீட்டுக்குள்ளாவது குனிந்து நுழைந்து பார்த்திருக்க வேண்டும். மண்சுவர், புல்கூரை, ஒரே வாசல். ஜன்னல் கிடையாது. நடுவில் மூன்று கல் அடுப்பு, அதற்கு நேர் மேலே மூங்கில் பரண். ஆவணியில் பிடுங்கிய பூண்டைத் தாளோடு கத்தை கட்டிப் பரணில் தொங்கவிட்டால், அடுத்த வைகாசியில் விதை ஊன்றும் வரை அங்கேதான் இருக்கும். அடுப்புப் புகை மேலே போய்ப் பூண்டில் படிய வேண்டும். புகை குடித்த பூண்டு காலத்துக்கு முன்னே முளை விடாது, பூஞ்சை பிடிக்காது. புகை வெளியே தப்பிவிடக்கூடாது என்று கூரை இடுக்கையெல்லாம் சாணமும் மண்ணும் குழைத்து அடைத்து வைப்போம். இருமுவோம், கண்ணைக் கசக்குவோம், வேலையைப் பார்ப்போம்.

இந்த வீட்டுக்குத்தான் காளியாயி வாக்கப்பட்டு வந்தாள். என் அண்ணன் பழனிமுத்துவின் பெண்டாட்டி, எனக்கு மதினி. அவளுக்குப் பண்ணைக்காடு. காப்பியும் வாழையும் விளைகிற இளஞ்சூட்டு மலை அது. அங்கே சமையல் வீட்டுக்கு வெளியே சாய்ப்பில் நடக்கும். வந்த முதல் நாள் உலை வைத்தவள் சோறு கொதிக்கும் முன்னே மூன்று முறை வாசலுக்கு ஓடினாள். “பண்ணைக்காட்டுச் சீமாட்டிக்குக் கண்ணு கரிக்குதாம்” என்று முதலில் சொன்னவள் நான்தான். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். அடுத்த வருஷம் என்னை உள்ளூரிலேயே செல்லப்பாண்டிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த வீடுதான். அதனால் அவளைக் கேலி செய்கிற வேலை எனக்கு நின்றுபோகவில்லை.

காளியாயிக்கு முதலில் பிறந்தது ஆண் பிள்ளை. எட்டாம் மாதம் பனிக்காலத்தில் இளைப்பு வந்து, நெஞ்சுக்கூடு உள்ளே போய் வெளியே வந்து, மூன்றாம் நாள் போய்விட்டது. எங்கள் ஊரில் பனிக்காலத்தில் பிள்ளை போவது புதிதல்ல. ஒரு மாதம் அழுதுவிட்டு எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அவள் எழவில்லை. அடுத்தது பெண்ணாகப் பிறந்து, அதற்கும் இரண்டாம் வயதில் இளைப்பு வந்தபோது, யாரையும் கேட்காமல் முதுகில் கட்டிக்கொண்டு கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாள். மூன்று நாளில் பிள்ளை சிரித்துக்கொண்டு திரும்பியது. லீலா என்று பேர் வைத்ததுகூட அந்த ஆஸ்பத்திரி நர்ஸ்தான். வீட்டில் வைத்த பேர் எனக்கே மறந்துவிட்டது.

டாக்டரம்மா சொன்னதை அவள் வந்து சொன்னாள். “மருந்தெல்லாம் தாரேன். நீ திரும்பக் கொண்டுபோய் அந்தப் புகைக்குள்ளதான போடுவ? அப்ப என்னத்துக்கு இங்க தூக்கிட்டு வார?” என்று கேட்டாளாம். இதற்கு என்ன பதில் சொல்வது என்று காளியாயி எங்களைக் கேட்டாள். அண்ணன் பரணைப் பார்த்தான். நான் அண்ணனைப் பார்த்தேன். புகை இல்லாவிட்டால் பூண்டு இல்லை, பூண்டு இல்லாவிட்டால் சோறு இல்லை. இதில் பேச என்ன இருக்கிறது?

அதற்கப்புறம் அவளுக்கு வாழ்க்கையில் ஒரே நினைப்புதான். லீலா மூச்சு விட வேண்டும். பனிக்காலம் முழுக்கப் பிள்ளையைக் கம்பளியில் சுற்றி மாட்டுக் கொட்டகையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே இருந்தால் புகை, வெளியே இருந்தால் உறைபனி. இரண்டுக்கும் பிள்ளைக்கு இழுத்தது.

அறுபத்தொன்றில் ஒரு வழி கிடைத்தது. அண்ணன் குதிரையில் உருளைக்கிழங்கும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானலில் ஒரு துரை வீட்டுக்குக் கொடுத்துவந்தான். அந்தத் துரையும் துரைசாணியும் ஊரைவிட்டுக் கப்பலேறும்போது தட்டுமுட்டுச் சாமானை வேண்டியவர்களுக்குக் கொடுத்தார்கள். “பெரிசா ஏதாச்சும் கேளுங்க” என்று நான் சொல்லி அனுப்பினேன். அண்ணன் ஒரு கடிகாரம் கேட்பதாகத்தான் போனான். கூடப் போன காளியாயி இரும்பு அடுப்பைக் கேட்டாள்.

நாலு கால் வைத்த இரும்புப் பெட்டி. முன்னால் விறகு போட ஒரு கதவு, அதற்குக் கீழே காற்று போக ஒரு சின்னக் கதவு, மேலே சட்டி வைக்க இரண்டு வட்டம், பின்னாலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் போகிற தகரக் குழாய். குழாயின் நடுவில் கம்பிப்பிடி வைத்த ஒரு தகடு. பிடியை நேராக வைத்தால் குழாய் திறந்திருக்கும், குறுக்கே திருப்பினால் மூடிக்கொள்ளும். அந்த வீட்டுச் சமையல்காரர் திருமலைச்சாமி அதைச் சாவி என்றார். நாங்களும் சாவி என்றோம். இரண்டு குதிரை மாற்றி அடுப்பைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அண்ணனின் வாயில் வராத வார்த்தை இல்லை.

திருமலைச்சாமி கூடவே வந்து இரண்டு நாள் தங்கிப் பூட்டிக் கொடுத்தார். நல்ல மனிதர், ஆனால் துரைசாணி சொன்னதைத் தவிர வேறெதுவும் உலகத்தில் கிடையாது அவருக்கு. சுவரிலிருந்து ஒரு கை தள்ளி, பலகைக் கல்லின் மேல் அடுப்பை நிறுத்தினார். குழாய் கூரையைத் தாண்டுகிற இடத்தில் புல்லை அகலமாக வெட்டிவிட்டுத் தகரம் பதித்தார். காளியாயி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். விறகைப் பிளந்து ஒரு வருஷம் கூரைக்கடியில் காய வைக்க வேண்டும். ஈர விறகு புகையத்தான் செய்யும், சூடு தராது. பற்றவைக்கும்போது இரண்டு கதவும் திறந்து, சாவி நேராக. குழாய் சூடேறின பிறகு காற்றுக் கதவைப் பாதியாகக் குறைத்தால் மூன்று விறகில் ஒரு பொழுது ஓடும். சாம்பலை முழுக்க வழிக்காமல் ஒரு விரற்கடை விட்டால் தணல் நிற்கும். வழித்த சாம்பலைக் கூடையில் கொட்டக்கூடாது, தகர டின்னில் கொட்டி வெளியே வைக்க வேண்டும். மாதம் ஒரு தரம் முள் கட்டின கம்பால் குழாயைக் குத்திக் கரியை உதிர்க்க வேண்டும்.

“ரெண்டு விசயம் மட்டும் மறந்துராதம்மா” என்றார் கிளம்பும்போது. “குழாய் வானத்தப் பாத்துத்தான் நிக்கணும். உள்ள தணல் கெடக்குற வரைக்கும் சாவியக் குறுக்க திருப்பக் கூடாது.”

“ஏன், திருப்புனா என்ன ஆகும்?” என்று நான் கேட்டேன்.

“துரைசாணி அப்பிடித்தான் சொல்லும்” என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து அந்த இரண்டுக்கும் நான் துரைசாணி சட்டம் என்று பேர் வைத்துவிட்டேன்.

அந்தப் பனிக்காலம் நன்றாக இருந்ததை நான் இல்லை என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் முதல் முறையாக எதிர்ச்சுவர் தெரிந்தது. லீலாவுக்கு ஒரு நாள்கூட இழுக்கவில்லை. அடுப்புப் பக்கத்தில் சாக்கு விரித்து, பீன்ஸ் கொட்டையை அடுக்கி விளையாடிக்கொண்டிருக்கும். காளியாயி பாட்டு முணுமுணுத்ததை அப்போதுதான் கேட்டேன். எட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சாவியை மட்டும் வேறு யாரையும் தொடவிடமாட்டாள். அண்ணன் கை வைத்தால்கூடத் தட்டிவிடுவாள்.

அவள் சந்தோஷத்தைப் பூண்டு தின்றுவிட்டது. புகை படாத கத்தைகளில் கார்த்திகை மூடுபனிக்கே பூஞ்சை ஏறியது. தை மாதம் பல் எல்லாம் பச்சையாக முளைத்து உள்ளே சக்கையாகிவிட்டது. வைகாசியில் ஊன்ற விதை இல்லாமல் அண்ணன் வீடு வீடாகப் போய் நின்றான். விதைப்பூண்டுக்காக அடுத்தவன் வாசலில் நிற்பது எங்கள் ஊரில் ஆம்பளைக்குச் சாவுக்குச் சமம். பாதி நிலம் தரிசாகவே கிடந்தது. நான் சும்மா இருந்தேனா? “பிள்ளையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டுப் பட்டினி கெடங்க” என்று வேலியோரம் நின்று அவள் காதுபடச் சொன்னேன்.

அடுத்த ஆவணியில் பூண்டு வந்ததும் அண்ணன் ஒரு யோசனை செய்தான். அதை நானும் ஆமோதித்தேன்; எங்கள் இருவருக்கும் அது பெரிய புத்திசாலித்தனமாகத் தோன்றியது. கூரைக்கு மேலே போகிற குழாயைக் கழற்றிவிட்டான். குழாயின் வாய் பரணுக்குள்ளேயே நின்றது. பரணின் அடிப்பக்கம் முழுக்கப் பலகை அடித்து மண் பூசி, புகை கீழே இறங்காமல் அடைத்தான். கூரை ஓட்டையை மூடி, இடுக்கையெல்லாம் பழையபடி சாணம் பூசினான். மேலே பூண்டுக்குப் புகை, கீழே பிள்ளைக்குச் சூடு. யாருக்கும் குறை இல்லை.

“குழாய் வானத்தப் பாக்கணும்னு சொன்னாருங்க” என்றாள் காளியாயி.

“வானத்துக்கு எதுக்கு நம்ம புகை?” என்றான் அண்ணன்.

“திருமலைச்சாமி அண்ணன ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருவோமே.”

“ஒங்க துரைசாணி சட்டத்தக் கேட்டுத்தான மதினி போன வருசம் வெதை போச்சு?” என்றேன் நான். விதை போனது தன்னால்தான் என்று அவள் மனதுக்குள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தாள். அந்த முடிவை அவளுக்குள் போட்டதில் என் பங்கு பெரிது.

உண்மையைச் சொன்னால் அது நன்றாகவே வேலை செய்தது. ஊரிலிருந்து பார்க்க வந்தார்கள். பரணில் புகை நின்றது, கீழே கண் கரிக்கவில்லை. சாவி நேராக இருக்கிறதா என்று காளியாயி ஒரு நாளைக்குப் பத்து முறை பார்ப்பாள். பார்ப்பதும் சுலபமில்லை, பரணை ஒட்டி, கரி படிந்து, எட்டிப் பார்த்தால்தான் தெரிகிற உயரத்தில் இருந்தது அது. இருட்டிய பிறகு பார்க்கவே முடியாது. மார்கழி போயிற்று. லீலா இழுப்பில்லாமல் ஆறு வயதை எட்டிக்கொண்டிருந்தது.

அறுபத்துமூன்று தை. அந்த வாரம் குடத்துத் தண்ணீர் கட்டியாகிவிட்டது. அண்ணன் வத்தலக்குண்டுக்குக் கிழங்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தான். போகும்போது என்னிடம், “அன்னக்கொடி, ஒம் மதினி அடுப்பக் கண்டா விறகத் திணிச்சுக்கிட்டே இருப்பா. மேல சூடு ஏறிப் பூண்டு வெந்துறாமப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனான். விதைப்பூண்டுக்குப் புகை வேண்டும், அனல் ஆகாது. அனல் பட்டால் முளைக்காது.

பொழுது சாய்கிற நேரம் ஓட்டுச் சில்லை எடுத்துக்கொண்டு தணல் வாங்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊரில் தீக்குச்சியை வீணாக்கமாட்டோம், பக்கத்து வீட்டில் தணல் வாங்கிக்கொள்வோம். காளியாயி கொட்டகையில் மாட்டுக்குத் தட்டை போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே லீலா சாக்கில் சுருண்டு கிடந்தது.

“அத்தை, குளிருது.”

அடுப்புக் கதவைத் திறந்தேன். விறகெல்லாம் எரிந்து முடிந்து, சுத்தமான சிவப்புத் தணல். ஒரு இழை புகை கிடையாது. குழாயைத் தொட்டால் சுட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. புகை இல்லாத தணலுக்குத் திறந்த குழாய் எதற்கு? சூடு அத்தனையும் மேலே போய் விதையை வேக வைக்கிறது, கீழே பிள்ளை நடுங்குகிறது. எங்களுக்குக் கெடுதல் என்றால் புகைதான். பிறந்ததிலிருந்து நாங்கள் கண்ட கெடுதல் அது ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியும், மூக்கில் ஏறும், இரும வைக்கும். புகை இல்லை என்றால் கெடுதல் இல்லை.

முந்தானையைச் சுற்றிக்கொண்டு எட்டிச் சாவியைக் குறுக்கே திருப்பினேன். துணியைத் தாண்டிக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சுரீரென்று சுட்டுக்கொண்டன. விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து லீலா சிரித்தது. கொஞ்ச நேரத்தில் அடுப்பின் முகம் நன்றாகச் சூடேறியது.

“இப்ப நல்லா இருக்கு அத்தை” என்றது.

தணலை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். வருகிற வழியில் காளியாயியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஓடிப்போய்த் திருப்பி வைத்துவிடுவாள் என்று தெரியும். காலையில் விதை கெடாமல் இருப்பதைக் காட்டிக் குத்திக் காட்டலாம் என்று நினைத்தேன்.

காலையில் வாசல் திறக்கவில்லை. கொட்டகையில் மாடு கத்திக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன், தட்டினேன். செல்லப்பாண்டி வந்து கதவை நெம்பித் தள்ளினார். கதவை ஒட்டியே காளியாயி வாந்திக்குள் கிடந்தாள். கதவிடுக்கில் வருகிற குளிர் பிள்ளை மேல் படக்கூடாது என்று எப்போதும் அங்கேதான் படுப்பாள். அந்த இடுக்குக் காற்றுதான் அவளை வைத்திருந்தது. மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

லீலா அடுப்புப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. உயிரோடு இருந்தபோது நான் பார்க்காத நிறம் அதன் முகத்தில். கன்னம் இரண்டும் சிவந்து, நோய் நொடி தெரியாத பிள்ளை போல இருந்தது. அதனால்தான் நான் அதைத்தான் முதலில் எழுப்பினேன். தாய் கிடக்கட்டும், பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று நினைத்தேன். தூக்கியபோது விறைத்திருந்தது.

கூட்டம் கூடியது. வீட்டில் துளிப் புகை இல்லை. யாரோ எட்டிப் பார்த்து, “சாவி குறுக்கால கெடக்கு” என்றார்கள். எல்லோரும் காளியாயியைப் பார்த்தார்கள். சாவியைத் தொடுகிறவள் அவள் ஒருத்திதான் என்று ஊருக்கே தெரியும். நான் சுட்ட விரலை மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மாதான். தணலிலும் ஒரு விஷக்காற்று உண்டு, அது கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது, தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும் என்றாள். எங்களுக்கு அதை யாரும் சொன்னதில்லை. பிறகு திருமலைச்சாமியும் வந்து திண்டாடிப்போய் நின்றார். “இதுக்குத்தான் துரைசாணி அப்பிடிச் சொல்லிருக்கு. எனக்குந் தெரியாதம்மா” என்று அழுதார்.

காளியாயிக்கு நாலாம் நாள் பேச்சு வந்தது. “சாவி நேராத்தான இருந்துச்சு?” என்பதுதான் முதல் பேச்சு. என் பக்கம் திரும்பினாள். “நீதான மொதல்ல உள்ள வந்த. நீ வந்தப்ப எப்பிடி இருந்துச்சு?”

“குறுக்கால இருந்துச்சு மதினி” என்றேன். ஒரு பொய் கலக்காத பதில் அது. அதைவிடப் பெரிய பொய்யை நான் வாழ்நாளில் சொன்னதில்லை.

அண்ணன் அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. அடித்திருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். இரும்பு அடுப்பைக் கழற்றிக் கொட்டகைக்குப் பின்னால் போட்டான். கோழி அதில் அடை காத்தது. மூன்று கல் திரும்பவும் நடுவீட்டுக்கு வந்தது. அந்த வருஷம் பரணில் ஒரு பல் கெடவில்லை. அண்ணன் வீட்டு விதையைத்தான் ஊரே கேட்டு வாங்கி ஊன்றியது. எங்கள் நிலத்திலும் ஊன்றினோம். நன்றாக விளைந்தது.

அப்புறம் அவளுக்குப் பிள்ளை இல்லை. அடுப்பின் முன்னால் உட்கார்ந்தால் புகைக்கு முகத்தைத் திருப்பமாட்டாள். வாசலுக்கு ஓடிய அந்தப் பண்ணைக்காட்டுக்காரி நெருப்பை விட்டு நகரவே மாட்டாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருக்கும், துடைக்கமாட்டாள். ஒவ்வொரு தை மாதமும் உறைபனி விழுந்தால் என்னைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்பாள். நானும் அதே பதிலைச் சொல்வேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் வாசல் வரை நினைத்துக்கொண்டுதான் போவேன். சொன்னால் அண்ணன் என் முகத்தில் விழிக்கமாட்டான், செல்லப்பாண்டி என்னைத் தள்ளி வைப்பார், ஊர் அவளை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொள்ளும். பயம்தான். வேறு நல்ல பேர் அதற்குக் கிடையாது.

அறுபத்தொன்பதில் அவளுக்கும் இளைப்பு வந்தது. படுத்துவிட்டாள். கண் அதற்கு முன்பே போயிருந்தது. வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும். கஞ்சி ஊற்ற நான்தான் போவேன். ஒரு நாள் கஞ்சி வேண்டாம் என்று தள்ளிவிட்டு, வெகு நாளாகத் தேடிய பொருள் அகப்பட்டதுபோல முகம் மலர்ந்து சொன்னாள்.

“அன்னம், எனக்கு இப்ப நெனப்பு வந்துருச்சு. நாந்தான் மூடிருக்கேன். பிள்ள குளிருதுன்னுச்சு. மாட்டுக்குத் தட்டை போட்டுட்டு வந்தேனா, அடுப்புல பொகையே இல்ல. பிள்ளைக்குச் சூடு நிக்கட்டுமேன்னு முந்தானையச் சுத்திக்கிட்டுத் திருப்புனேன். வெரல்கூடச் சுட்டுச்சு. பிள்ள சிரிச்சுச்சு.”

கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்தேன். ஆறு வருஷமாக யோசித்து யோசித்து, நான் செய்ததை ஒன்று விடாமல் அவளாகவே செய்து முடித்திருந்தாள்.

“இந்தா பாரு, தழும்புகூட இருக்கணுமே” என்று வலது கையை என் பக்கம் நீட்டினாள். “எனக்குத் தெரிய மாட்டேங்குது. நீ பாத்துச் சொல்லு.”

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கரி படிந்து, வெடித்து, தழும்பு எதுவும் இல்லாமல் இருந்தன. அவற்றை என் இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டேன்.

“இருக்கு மதினி” என்றேன்.